டிஸ்கெட்டுக்கு வைத்த பொட்டு

அத்தியாயம் 14

"சரஸ்வதி பினாங்குத் தீவை இதுவரைக்கும் ஒரே ஒரு தடவைதான் திரும்பிப் பார்த்திருக்கா. நான் பொறந்த அன்னிக்கு. அதுக்கப்புறம் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு வரல."

இதைச் சொன்னபோது ஏரம்பமூர்த்தி சிரிக்கவில்லை. கண்ணடிக்கவில்லை. கையில் சூடத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. தேவியின் படத்துக்கு நேராக நின்று, அவள் காதில் விழும்படியே சொன்னார். படத்திலிருந்து மறுப்பு எதுவும் வராததால் விஷயம் உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, தட்டை மூன்று சுற்றுச் சுற்றிக் கீழே வைத்தார்.

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, நாலாம் மாடி வீடு. காலை மணி எட்டு. சரஸ்வதி பூஜை.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு பேர். மனைவி வள்ளிநாயகி இருபத்திரண்டு வருடமாகக் கேட்கிறாள். தபேலாக்காரர் நாகூர் மீரான் அதற்கும் முன்னாலிருந்து கேட்கிறார். மீரான் பூஜைக்காக வரவில்லை, சுண்டலுக்காக வந்திருந்தார். அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை.

"அப்ப மத்த நாள்ல எல்லாம் அம்மா எங்கண்ணே பாத்துக்கிட்டு இருந்தாங்க?"

"கோலாலம்பூர் பக்கம். அங்கயும் ஒண்ணும் நடக்கல."

ஏரம்பமூர்த்தி இசையமைப்பாளர். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். மகனும் கிராணியாவான் என்று நம்பியபடியே கண்ணை மூடினார். மகன் பதினைந்து வருடத்துக்கு முன்பு, எழுபத்து நாலில், இந்த நாட்டிலேயே எடுத்த ஒரு தமிழ்ப் படத்துக்கு ஆறு பாட்டுப் போட்டார். ஜார்ஜ் டவுனில் படம் ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் ஓடாததற்குக் கதை, கதாநாயகன், மழை, எதிர்க் கொட்டகை ஆகிய நான்கும் காரணம் என்று அவர் ஆராய்ந்து முடித்திருந்தார். ஐந்தாவதாக ஒன்றை அவர் தேடவில்லை.

அதன் பிறகு பன்னிரண்டு வருடம் டிவி நாடகங்களுக்குப் பின்னணி இசை. மாமியார் உள்ளே வந்தால் வயலின், வெளியே போனால் புல்லாங்குழல்.

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. நின்றபடியே படித்தார். நாலாக மடித்தார். ஆர்மோனியத்தின் துருத்திக்குள் செருகிவிட்டார். அன்றிலிருந்து ஆர்மோனியத்துக்கு லேசான இளைப்பு. வீட்டில் யாருக்கும் காரணம் தெரியாது.

இன்று அந்த ஆர்மோனியமும் பூஜையில் இருந்தது. அதன் பக்கத்தில் வயலின். மீரானின் தபேலா. காட்சிக்குக் காட்சி நேரம் பார்த்து இசை போட ஏரம்பமூர்த்தி பயன்படுத்தும் ஸ்டாப் வாட்ச். வள்ளிநாயகியின் மிக்சி. எல்லாவற்றுக்கும் ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டர். அதன் தலைமேல் ஒரு கறுப்பு டிஸ்கெட். அத்தனைக்கும் சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம்.

கனகேஸ்வரி குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு கூடத்துக்கு வந்தாள். பூஜையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"அண்ணி. என் டிஸ்கெட்ல என்ன வச்சிருக்கீங்க?"

"பொட்டு," என்றாள் வள்ளிநாயகி பெருமையாக. "உன் அண்ணன் வேணாம்னாரு. நான்தான், அதுவும் நம்ம புள்ள தொழில் பண்ற சாமான்தானேன்னு எடுத்து வச்சேன்."

கனகேஸ்வரி ஏரம்பமூர்த்தியின் தங்கை. இருபத்தெட்டு வயது. பாயான் லெப்பாஸில் மின்னணுச் சாமான் செய்யும் ஒரு கிலாங்கில் டெக்னீசியன். ஷிப்ட் முடிந்து வந்ததும் அந்தப் பழைய கம்ப்யூட்டரை டிவியில் மாட்டிக்கொண்டு வீடியோ விளையாட்டுகளுக்கு இசை எழுதுவாள். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து மிஸ்டர் லிம் என்பவர் வந்து பினாங்கு ரோட்டில் ஒரு ஹோட்டலில் தங்கியிருக்கிறார். இன்று மூன்று மணிக்கு அவரிடம் அவள் ஐந்து பாட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். பிடித்திருந்தால் ஜனவரியிலிருந்து சிங்கப்பூரில் வேலை. காலையிலிருந்து மாலைவரை இசை எழுதுவது மட்டும்தான் வேலை. பிடிக்காவிட்டால் மறுபடி கிலாங். ஐந்தரை மணி விமானத்தில் மிஸ்டர் லிம் போய்விடுவார். பட்டியலில் அடுத்த ஆள் ஈப்போவில் இருக்கிறான்.

அவள் டிஸ்கெட்டை விளிம்பில் பிடித்து எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். கறுப்பு அட்டைக்கு நடுவே நீள்வட்டமாக ஒரு திறப்பு உண்டு. அதன் வழியாகத்தான் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் காந்தத் தகட்டைப் படிக்கும். விரல்கூடப் படக்கூடாத இடம். பொட்டு அந்த இடத்தில், தகட்டின்மேல், அழகாகக் காய்ந்திருந்தது.

"எதுக்கண்ணி அந்த இடத்துல?"

"மத்த இடமெல்லாம் கறுப்புச் சட்டை போட்டிருந்துச்சு. உடம்பு தெரிஞ்ச இடம் அது ஒண்ணுதான்."

"அஞ்சாவது பாட்டு இதுல இருக்கு. நேத்துதான் முடிச்சேன். மத்த நாலும் என் ஹேண்ட்பேக்ல இன்னொரு டிஸ்கெட்ல இருக்கு. இது வேற எங்கயும் இல்ல."

"தொடச்சாப் போயிடும் கனகம். லேசாத் தண்ணி தொட்டு..."

"தொடாதீங்க!"

வள்ளிநாயகியின் கை பாதியில் நின்றது.

"பாத்தியா மீரான்," என்றார் ஏரம்பமூர்த்தி. "என் வயலினுக்கு இருபது வருஷமா சந்தனம் வைக்கிறா. ஒரு சுரம் அழிஞ்சதா?"

கனகேஸ்வரி டிஸ்கெட்டைக் கீழே வைத்தாள். தலையிலிருந்த துண்டை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள். கம்ப்யூட்டரை நோக்கிக் குனிந்தாள்.

"கையை எடு."

"மறுபடி முதல்லேருந்து போடணும். மூணு மணிவரைக்கும் நேரம் இருக்கு."

"சரஸ்வதிக்கு முன்னால வச்ச வாத்தியத்தை விஜயதசமி அன்னிக்குக் காலையிலதான் எடுக்கணும். அப்பா காலத்துலேருந்து இந்த வீட்டுல அதான் பழக்கம்."

"வாத்தியமா?" நிமிர்ந்தாள். "போன ஞாயித்துக்கிழமை இதே இடத்துல உக்காந்து என்ன சொன்னீங்க? இது வாத்தியமே இல்ல, டின்னுன்னு. மீரான் அண்ணே சாட்சி."

மீரான் வாயிலிருந்த சுண்டலை விழுங்கினார். "பிஸ்கட் டின்னுன்னாரு. காலி பிஸ்கட் டின்."

"அன்னிக்கு அது டின். இன்னிக்குச் சந்தனம் வச்சாச்சு. வாத்தியம்."

"அப்ப வாத்தியம்னு ஒத்துக்கிறீங்க."

"நாளைக் காலைவரைக்கும்."

"நாளைக்கு?"

"மறுபடி டின்."

கனகேஸ்வரி கம்ப்யூட்டரைத் தூக்கினாள். அதன் வயர் ஆர்மோனியத்துக்கு அடியில் மாட்டியிருந்தது. ஒரு இழு இழுத்தாள். ஆர்மோனியம் சரிந்தது. துருத்தி வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு விட்டது. கூடவே நாலாக மடித்த ஒரு காகிதத்தையும் விட்டது.

"அதைக் குடு," என்றார் ஏரம்பமூர்த்தி.

குரல் வேறு மாதிரி இருந்தது. அந்தக் குரல் வந்திராவிட்டால் அவள் பிரித்திருக்க மாட்டாள்.

பிரித்தாள். படித்தாள். அண்ணனை ஒரு தடவை பார்த்துவிட்டு வாய்விட்டே படித்தாள்.

"'அடுத்த தொடரிலிருந்து பின்னணி இசைக்குத் தயார்நிலையில் கிடைக்கும் ஒலிநாடாக்களையே பயன்படுத்துவதெனத் தீர்மானித்துள்ளோம். தாங்களும் தங்கள் குழுவினரும் இதுவரை அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.'"

கூடத்தில் சுண்டல் மெல்லும் சத்தம் நின்றது. குழுவினர் என்று அந்தக் கடிதம் சொன்னவர்களில் ஒருவர் கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்பண்ணே வந்துச்சு?" என்றார் மீரான்.

"போன வாரம்."

"தீபாவளித் தொடருக்குன்னு வேலை செய்யுற கடையில லீவு சொல்லி வச்சிருக்கேனே நான். நேத்து கூடக் கேட்டேன். 'தேதி வரும், பொறு'ன்னீங்க."

"வரும்னுதான் சொன்னேன். எந்தத் தேதின்னு சொல்லல."

கனகேஸ்வரி கடிதத்தை அதன் மடிப்பிலேயே மடித்துத் துருத்திக்குள் திரும்பச் செருகினாள்.

"டின்னுக்காவது இன்னிக்கு வேலை இருக்கு," என்றாள்.

கத்திச் சொல்லவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். வள்ளிநாயகி சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். எதற்கு அணைத்தோம் என்று தெரியாமல் திரும்பப் பற்றவைத்தாள்.

ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டர் டிவியில் மாட்டியாயிற்று. கனகேஸ்வரி தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நாலடி பின்னால் ரோத்தான் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஏரம்பமூர்த்தி செய்தித்தாளை விரித்தார். அந்த வீட்டில் இரண்டு அறைகள் காலியாக இருந்தன. இரண்டிலும் மின்விசிறி இருந்தது.

ஐந்தாவது பாட்டு சண்டைப் பாட்டு. விளையாட்டின் கடைசிக் கோட்டை வாசலில் ஒரு ராட்சசன் நிற்பான். அவனோடு மோதும்போது ஒலிக்க வேண்டியது. நேற்று வரை அது அவள் தலையில் மூன்று வாரம் இருந்தது. இன்று தேடினால் துண்டு துண்டாகத்தான் அகப்பட்டது. ஒரு சுரம் போட்டுப் பார்த்தாள், அழித்தாள், இன்னொன்று போட்டாள்.

"கொசுவலைக்குள்ள மாட்டின கொசு மாதிரி இருக்கு," என்றது செய்தித்தாள்.

அவள் அந்தச் சுரத்தையும் அழித்தாள்.

"ஒரே நேரத்துல எத்தனை சத்தம் வரும் இதுல?"

"மூணு."

"மூணு! என் செட்டுல தேத்தண்ணி கொண்டுவரவே மூணு பேர் இருந்தாங்க."

"அதான் ஒன்பது நாள்ல முடிஞ்சிருச்சு போல. தேத்தண்ணி தீந்திருக்கும்."

மீரானுக்குச் சிரிப்பு வந்தது. இன்று அண்ணனுக்காக அதை அடக்கிக்கொள்ள வேண்டிய கடமை தனக்கில்லை என்பதும் அவருக்கு நினைவு வந்தது. சிரித்தார்.

செய்தித்தாள் ஒரு பக்கம் திரும்பியது.

பத்தரை மணிக்கு மெட்டு வந்துவிட்டது. பதினொன்றுக்குக் கீழ்க்குரல். மூன்றாவது குரலில் முரசு மாதிரி ஒரு அடி. இருபத்துச் சொச்சம் விநாடி ஓடியதும் பாட்டு திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

"ஏன் திரும்ப வருது? முடிவு எங்க?"

"முடிவு கிடையாது. சுத்திக்கிட்டே இருக்கும்."

"முடிவு இல்லாம ஒரு இசையா?" பேப்பரை இறக்கினார். "ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போறான்னா, போற இசை போடறோம். கதவு சாத்துது. முடிஞ்சுது. கேக்குறவன் அழுவான். அதான் முடிவு. இது நாய் தன் வாலைத் தானே துரத்துற மாதிரி. இதுக்குப் போயி சிங்கப்பூர்லேருந்து ஆள் வர்றானா?"

"விளையாடுறவன் எப்பச் சாவான்னு பாட்டுக்குத் தெரியாதுண்ணே. பத்து விநாடியிலயும் சாவான், ஒரு மணி நேரமும் நிப்பான். அவன் சாகுற வரைக்கும் பாட்டு சாகக் கூடாது. நீங்க ஸ்டாப் வாட்ச்ச வச்சுக்கிட்டுச் செத்தவனுக்குப் பாட்டுப் போடுறீங்க. நான் இன்னும் சாகாதவனுக்குப் போடுறேன்."

அவர் பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொண்டார்.

பேப்பர் முகத்தை மறைத்தது. கால்களை மறைக்கவில்லை.

கனகேஸ்வரி அவற்றை டிவித் திரையின் கறுப்பு ஓரத்தில் நிழலாகப் பார்த்தாள். அண்ணனின் வலது கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவருக்கே தெரியாமல்.

பன்னிரண்டு மணிக்கு வள்ளிநாயகி சோறு கொண்டுவந்து வைத்தாள். தரையில் ஒரு தட்டு, நாற்காலியில் ஒரு தட்டு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, "சாப்பிடும்போதாவது ஒருத்தர ஒருத்தர் பாருங்களேன்," என்றாள். பார்த்தார்கள். அவளுக்கே, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றிவிட்டது.

"இன்னும் எத்தனை சுரத்துக்கு இடம் இருக்கு?" ஏரம்பமூர்த்தி கேட்டார்.

"பாட்டு முடிஞ்சாலும் பன்னிரண்டு மிஞ்சும். அதுக்கு மேல கம்ப்யூட்டர்ல இடம் கிடையாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா. பேப்பர்ல ஏதோ போட்டிருக்கான்."

ஒன்றரை மணிக்குப் பாட்டு முடிந்தது. முடிந்தது என்று அவள் சொன்னாள், ஆனால் நொண்டியது. ஒவ்வொரு சுற்றும் கடைசிக்கு வந்து முதலுக்குத் தாவும் இடத்தில் ஒரு இடறல். படிக்கட்டில் இல்லாத ஒரு படியை மிதித்த மாதிரி. நேற்றைய பாட்டில் அது இல்லை. நேற்று என்ன செய்தாள் என்பது சந்தனத்துக்கு அடியில் இருந்தது.

முரசை மாற்றினாள். நொண்டியது. கீழ்க்குரலை முந்தவிட்டாள். நொண்டியது. வேகத்தைக் கூட்டினாள். வேகமாக நொண்டியது.

திரையோரத்தில் கட்டைவிரலைப் பார்த்தாள். ஆடிக்கொண்டே வந்தது, இடறும் இடத்துக்குச் சரியாக ஒரு சுரம் முன்னால் நின்றது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றது. அதற்கடுத்த சுற்றிலும்.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"எங்க இடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கா? நான் ஒன்பது நாள் ஆளு."

"உங்க கால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல நிக்குது."

ஏரம்பமூர்த்தி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சொல்லுங்கண்ணே."

"சொல்லலாம். ஒரே வார்த்தைதான். ஆனா கேக்குறது என் கடிதத்தைப் படிச்ச வாய். கொஞ்சம் ஆறட்டும்."

"மணி ஒண்ணே முக்கால்."

"ஹோட்டல்ல போன் இருக்குமில்ல? அந்த லிம் முன்னால பாட்டு நொண்டும். நீ முழிப்பே. அப்ப எனக்குப் போன் போடு. 'அண்ணே, உங்களுக்குத்தான் தெரியும்'னு அவன் காதுல விழற மாதிரி சொல்லு. சொல்லித் தரேன்."

"நான் போன் பண்ண மாட்டேன்."

"பண்ணாதே லா. யாரு கெஞ்சுனா?"

அவள் பாட்டை ஹேண்ட்பேக்கில் இருந்த டிஸ்கெட்டில், மற்ற நான்கு பாட்டுக்குப் பின்னால் ஏற்றினாள். மிஸ்டர் லிம் இதே வகைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். டிஸ்கெட் மட்டும் போதும். அதை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டாள். வள்ளிநாயகி அருகில் வந்தபோது பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். வள்ளிநாயகியின் கையில் இருந்தது தேங்காய்ப் பூ போட்ட சுண்டல் பொட்டலம்தான்.

"அந்த ஆளுக்குக் குடும்மா. நல்ல நாள்," என்றாள் வள்ளிநாயகி. கண் கலங்கியிருந்தது.

கனகேஸ்வரி வாங்கிக்கொண்டாள்.

மீரான் எழுந்தார். "பஸ்ஸுக்கு நின்னா லேட்டாயிடும் தங்கச்சி. என் மோட்டார் பைக்ல ஏறு." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அண்ணனைப் பார்க்காமல் சொன்னார்: "தபேலா பூஜையில இருக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கறேன். எங்க தெரு சின்னையா மவன் ரொம்ப நாளா அதை விலைக்குக் கேட்டுக்கிட்டு இருக்கான்."

இருபத்திமூன்று வருடத்தில் மீரான் அந்த வீட்டை விட்டு 'வரேண்ணே' சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை.

அவர்கள் போனதும் வீடு அமைதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவசரத்தில் கனகேஸ்வரி கம்ப்யூட்டரை அணைக்க மறந்துவிட்டாள். ராட்சசன் வாசலிலேயே நின்றான். பாட்டு சுற்றியது; நொண்டியது; சுற்றியது.

வள்ளிநாயகி தூக்குப் பாத்திரத்தில் சுண்டலை நிரப்பிக்கொண்டு கிளம்பினாள். "கீழ் மாடியில எல்லாம் குடுத்துட்டு வரேன். அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துங்களேன்."

"எனக்கு அதெல்லாம் தொடத் தெரியாது. இன்னிக்கு வாத்தியம் வேற."

கதவு சாத்தியது. அதற்கு இசை எதுவும் போடப்படவில்லை.

ஏரம்பமூர்த்தி செய்தித்தாளைப் படித்தார். காலையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது வீட்டு விற்பனை விளம்பரப் பக்கம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாட்டு இடறியது. பல்லைக் கடித்தார். இன்னொரு சுற்று வந்தது. அங்கேயே இடறியது. ஒரு மனிதன் தன் வீட்டுக் கூடத்தில் எத்தனை தடவை தடுக்கி விழ முடியும்?

எழுந்தார். ஸ்டாப் வாட்ச் வாத்தியம் இல்லை என்று முடிவு செய்தார். பூஜையிலிருந்து அதை எடுத்தார், பொட்டைத் துடைக்கவில்லை. அடுத்த சுற்றை அளந்தார். இருபத்திரண்டு விநாடி, நாலு புள்ளி.

கோளாறு நேரத்தில் இல்லை. அது அவருக்கு ஒன்றரை மணிக்கே தெரியும். மற்றபடி பாட்டு நன்றாக இருந்தது. அதுவும் பதினொன்றரை மணிக்கே தெரியும். கோளாறு கடைசிச் சுரத்தில். மெட்டு அங்கே வந்து மெல்ல இறங்கி அமர்ந்துவிடுகிறது. அந்த இறக்கம் யாருடையது என்று அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. பன்னிரண்டு வருடமாக டிவியில் எல்லா மாமியார்களும் அந்தச் சுரத்தில்தான் கதவைச் சாத்தினார்கள். கேட்டுக் கேட்டு அவள் கைக்கும் வந்திருக்கிறது. பாட்டு முடிந்துவிடுகிறது, முடிந்த பாட்டு மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது. அதுதான் இடறல்.

எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அவர் சொல்ல மறுத்த ஒரே வார்த்தை: எடுத்துடு.

மணி இரண்டே முக்கால். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் கனகேஸ்வரி ஹோட்டலின் எண்ணை எழுதி வைத்திருந்தாள். போனுக்குப் பக்கத்தில்தான் காலண்டர். ஏரம்பமூர்த்தி காலண்டர் வரை போனார். எண்ணை ஒரு தடவை படித்தார். திரும்பி வந்தார்.

அவள் பண்ணட்டும்.

முழங்கால் இரண்டும் சத்தம் போட, டிவிக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். தேவியின் படத்தைப் பார்த்தார். காலையில் மறுப்புச் சொல்லாதவள் இப்போதும் சொல்லவில்லை.

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். கீழே இறங்கும் விசையை, நாலரை மணி நேரம் அவள் அமுக்கியதைப் போலவே, ஒற்றை விரலால் அமுக்கினார். கடைசி வரி. அந்தச் சுரம். வலது மேல்மூலையில் அழிக்கும் விசை.

சுரம் போய்விட்டது.

பாட்டு கடைசிக்கு வந்தது. கால் தானாக நிற்கப் பார்த்தது. நிற்க இடம் கிடைக்கவில்லை. முதல் சுரம் வந்து காலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரண்டாவது சுற்று. மூன்றாவது. எங்கே தொடங்கியது, எங்கே சேர்கிறது என்று கண்டுபிடிக்க முடியாமல் ராட்சசன் சுழன்றான்.

ஏரம்பமூர்த்தி ஆறு சுற்றுக் கேட்டார். ஆறிலும் குறை இல்லை. சரியாகிவிட்டது, எழுந்துவிடலாம்.

எழவில்லை. பன்னிரண்டு சுரத்துக்கு இடம் இருந்தது. இப்போது எடுத்தது ஒன்று. பதிமூன்று.

கீழ்க்குரலில் ஒரு சுரத்தைப் போட்டுப் பார்த்தார். சுமார். அரை மாத்திரை முந்தித் தள்ளினார். முதுகுத்தண்டில் ஏதோ ஏறியது. சென்னையிலிருந்து ஆறு செல்லோ வேண்டும் என்று தயாரிப்பாளரோடு அவர் ஒருகாலத்தில் சண்டை போட்டது இந்த ஒரு நடுக்கத்துக்காகத்தான். இன்னொன்று போட்டார். மூன்றாவது சுரம். மூன்று குரல் போதுமா என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்து. ஆறாவதை அழித்து வேறு போட்டார்.

மூன்று பத்துக்குப் போன் அடித்தது.

அவர் ஏழாவது சுரத்தில் இருந்தார். போனுக்கும் பாட்டுக்கும் சுருதி சேரவில்லை. இடது கையை நீட்டி டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பன்னிரண்டு தடவை அடித்து நின்றது.

எட்டு. ஒன்பது. ஸ்டாப் வாட்ச் மடியில் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை விடாமல் அடித்தது. மூன்றாம் மாடிப் படிக்கட்டிலிருந்து வள்ளிநாயகியின் குரல் மூச்சிரைக்க மேலே வந்தது.

"இந்தாங்க! போன் அடிக்குது! கனகமாத்தான் இருக்கும், எடுங்களேன்!"

"இரு வள்ளி," என்றார் ஏரம்பமூர்த்தி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இது ஒரு தடவை முடியட்டும்."

பாட்டு கடைசிச் சுரத்துக்கு வந்தது. நிற்காமல் முதல் சுரத்துக்குப் போனது. அவர் விரல் பத்தாவதைத் தேடிக்கொண்டிருந்தது.